ஒரே தோட்டத்தின் பெயரில் ஒயின்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: குடும்பச் சொத்தாக வந்த இரண்டு ஏக்கர் சரிவு நிலத்தில் திராட்சை பயிரிட்டு, வெளியிலிருந்து பழம் வாங்காமல், அந்தத் தோட்டத்தின் பெயரிலேயே ஒயின் தயாரிக்க நானும் என் கணவரும் விரும்புகிறோம். ஐந்து இரகங்கள் நடலாமா? எத்தனை ஆண்டுகளில் விற்பனைக்கு வரலாம்?

பதில்: வெளியிலிருந்து பழம் வாங்குவதில்லை என்ற உங்கள் உறுதியை மனமாரப் பாராட்டுகிறேன். வேலையைக் கடினமாக்கப்போவதும் அதே உறுதிதான். பல தோட்டத்துப் பழங்களைக் கலப்பவர்கள் ஒன்றில் குறையும் புளிப்பை இன்னொன்றைக் கொண்டு சரிக்கட்டிக்கொள்வார்கள். உங்களுக்கோ அந்த ஆண்டின் மழையும் வெயிலும் அப்படியே புட்டிக்குள் வந்துவிடும். ஆகவே, கன்றுகளுக்கு முன்பணம் கொடுக்கும் முன் நிலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சரிவின் மேலே, நடுவே, அடியில் என மூன்று இடங்களில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். குழியின் சுவரில் களிமண்ணுக்கு நடுவே சாம்பல் நிறத் திட்டுகள் தெரிந்தால், அங்கே நெடுநாள் நீர் தேங்கிக் காற்றோட்டம் இல்லாமல் போகிறது என்று பொருள். வடிகால் அமைக்காமல் அந்த இடத்தில் நடக்கூடாது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் இரவில் சரிந்து வந்து அடிவாரத்தில் தங்கும். உறைபனி விழும் பகுதியானால், புதுத் துளிர்கள் முதலில் கருகுவது அங்கேதான்.

கன்றுகள் கட்டாயம் ஒட்டுக்கன்றுகளாக இருக்கட்டும். 1860களில் பிரான்சில் பரவிய ஃபைலாக்சிரா என்னும் வேர்ப்பூச்சி, அந்நாட்டுத் தோட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. அமெரிக்கத் திராட்சை இனங்களின் வேரில் ஐரோப்பிய இரகங்களை ஒட்டுக்கட்டித்தான் மீண்டார்கள். மண்ணில் சுண்ணாம்பு எவ்வளவு என்பதைப் பரிசோதித்த பிறகே, ஒட்டுக்கு வேராக அமையும் வேர்ச்செடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஐந்து இரகங்கள் வேண்டாம். ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. முதலில் அரை ஏக்கரில் ஏறத்தாழ ஆயிரம் கொடிகள் நடுங்கள். கொடிக்கு ஒன்றரை கிலோ பழம் என வைத்தாலும் சுமார் ஆயிரம் புட்டிகள் கிடைக்கும். கவாத்தும் அறுவடையும் குடும்பத்தினர் கையால் முடிக்கக்கூடிய அளவு அதுதான். அதை ஐந்தாகப் பிரித்தால், ஓர் இரகத்துக்கு 225 லிட்டர் பீப்பாய் ஒன்றை நிரப்புவதே சிரமம். பழுக்கும் காலமும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்.

முதல் இரண்டு ஆண்டுகள் பூங்கொத்துகளைக் கிள்ளிவிடுங்கள். மனம் வராதுதான், ஆனால் வேர் ஊன்றுவதற்கான காலம் அது. மூன்றாம் ஆண்டில் சிறிதளவு காய்க்கும். சிவப்பு ஒயின் பீப்பாயில் ஓராண்டாவது இருக்கவேண்டும் என்பதால், நட்டதிலிருந்து விற்பனைக்கு ஐந்து ஆண்டுகள் எனக் கணக்கிடுங்கள். தயாரிப்பு, விற்பனை உரிமங்களைப் பற்றி நடும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

அறுவடையின்போது சர்க்கரை அளவை மட்டும் நம்பாமல் விதையைக் கடித்துப் பாருங்கள். பச்சை மாறிப் பழுப்பேறி, மொறுமொறுவென உடையவேண்டும். மேற்சரிவுப் பழத்தையும் கீழ்ச்சரிவுப் பழத்தையும் தனித்தனியே நொதிக்க வைத்து, சில ஆண்டுகள் சுவைத்து ஒப்பிடுங்கள். பிரான்சின் ஒயின் பகுதியான புர்கண்டியில் நூற்றாண்டுக் கணக்கில் இப்படித் துண்டு துண்டாக நிலத்தை அறிந்துவந்திருக்கிறார்கள்; உலகப் புகழ்பெற்ற ரோமனே-கோந்தி தோட்டத்தின் பரப்பே 2 ஹெக்டேருக்கும் குறைவு. உங்கள் இரண்டு ஏக்கர் சிறியது என்று தயங்கவேண்டாம். எந்தத் துண்டின் ஒயின் ஆண்டுதோறும் தன் குணத்தை விடாமல் காட்டுகிறதோ, அதற்கு மட்டும் தோட்டத்தின் பெயரைச் சூட்டுங்கள்.

இப்போதைக்குக் குழிகளை வெட்டுங்கள். நல்ல மழைக்குப் பின் ஒவ்வொன்றிலும் நீர் எத்தனை நாள் நிற்கிறது என்று குறித்து எழுதுங்கள். எந்த இரகம் என்பதை அதன் பிறகு பேசுவோம்.