கட்டிக்குள் எதிர்ப்பு அணுக்கள் – கடிதம்

ஐயா, வணக்கம்.

என் தங்கை பேத்திக்கு ஆறு வயது. சிறுமூளையில் இருந்த கட்டியைப் போன மாதம் ஆபரேஷன் செய்து முழுவதும் எடுத்துவிட்டார்கள். பயாப்சி ரிப்போர்ட்டில் ‘பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா, கிரேடு 1’ (மெதுவாக வளரும் வகை) என்று இருக்கிறது. கட்டிக்குள் மைக்ரோக்ளியா, லிம்போசைட் அணுக்கள் நிறைய என்றும் எழுதியிருக்கிறார்கள். எதிர்ப்பு அணுக்கள் உள்ளேயே இருந்தும் கட்டி எப்படி வளர்ந்தது? சேலத்துச் சொந்தக்காரர்கள், ‘எதிர்ப்பு சக்தி போதவில்லை; கபசுரக் குடிநீர் கொடு, ஸ்டீராய்டு மாத்திரையை நிறுத்து’ என்கிறார்கள்.

ஒரு வாசகர், ஏற்காடு

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் மாத்திரை. தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு எதிர்ப்பு அணுக்களை அடக்கும் என்பது உண்மைதான். ஆனால் சில வாரம் தொடர்ந்து சாப்பிட்ட பிள்ளைக்கு அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். சட்டென்று நிறுத்தினால் வாந்தி, சோர்வு, ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரை போகலாம். டாக்டர் எழுதிக் கொடுத்தபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இனி உங்கள் கேள்வி. மைக்ரோக்ளியாவை 1919இல் தனி அணுவாக அடையாளம் காட்டியவர் ஸ்பெயினின் பியோ டெல் ரியோ ஓர்டேகா. கரு உருவான தொடக்க வாரங்களிலேயே மூளைக்குள் குடியேறி, அங்கேயே பெருகி வாழ்பவை இவை. ரத்தத்திலிருந்து பிறகு வந்து சேரும் மேக்ரோஃபேஜ்கள் (விழுங்கும் அணுக்கள்) வேறு. கட்டிக்குள் இரண்டும் கலந்திருக்கும். லேபில் சிடி68 என்ற ஸ்டெயின் (அணுக்களை அடையாளம் காட்டும் சாயம்) போட்டால் இரண்டுமே ஒரே பழுப்பாகத் தெரியும். ரிப்போர்ட்டில் ‘நிறைய’ என்று இருப்பது எண்ணிக்கையைச் சொல்கிறதே தவிர, அவை என்ன செய்துகொண்டிருந்தன என்பதைச் சொல்லவில்லை.

பல நேரம் அவை கட்டிக்கு உதவிக்கொண்டுதான் இருக்கின்றன. நரம்புகளில் கட்டி வரவைக்கும் ‘நியூரோஃபைப்ரோமடோசிஸ் 1’ என்ற மரபணுக் கோளாறு உள்ள எலிகளின் பார்வை நரம்புக் கட்டியில் இதைப் படிப்படியாகப் பார்த்திருக்கிறார்கள். டி அணு (லிம்போசைட்டில் ஒரு வகை) சிசிஎல்4 என்ற புரதத்தைச் சுரக்கிறது. அது பட்டதும் மைக்ரோக்ளியா சிசிஎல்5 என்ற இன்னொரு புரதத்தைச் சுரக்கிறது. அந்தச் சிசிஎல்5தான் கட்டி வளரத் துணை. அப்படிப்பட்ட இடத்தில் ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவது’ என்றால் எதைக் கூட்டுவது? சிறுமூளையில் வரும் இந்தக் கட்டிக்குப் பெரும்பாலும் காரணம், கேஐஏஏ1549, பிராஃப் என்ற இரண்டு மரபணுக்கள் ஓர் அணுவுக்குள் தவறி ஒட்டிக்கொள்வது. பிள்ளை எதைச் சாப்பிட்டாள், அம்மா எதைக் கொடுக்கவில்லை என்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. அந்தத் தாயிடம் இதைச் சொல்லுங்கள்.

கஷாயம் இப்போது வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த நாட்களில் வாந்தி ஒரு முக்கியமான அறிகுறி. கசப்பைக் கொடுத்து வாந்தி எடுத்தால் எதனால் என்று பிரிக்க முடியாது. ஏற்காட்டுக்காரர்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளின் மேல் பழியைப் போட்டுவிடுவதும் உண்டு. பஸ் ஏறாத நாளிலும் காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி, நடையில் தள்ளாட்டம் என்றால் மண்டைக்குள் நீர் தேங்குகிறதா என்று அன்றே ஸ்கேன் பார்க்க வேண்டும்.

எல்லாக் கட்டியும் ஒன்றல்ல. மூளைத்தண்டில் வரும் டிஐபிஜி என்ற கொடிய கட்டியில் டி அணுக்கள் மிக அரிது. அதனால்தான் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில், அந்தக் கட்டி அணுக்களின் மேல் இருக்கும் ஜிடி2 என்ற பொருளை அடையாளம் காணும்படி மாற்றிய டி அணுக்களை (கார்-டி) வெளியிலிருந்து ஏற்றிப் பார்த்தார்கள். நான்கு நோயாளிகளின் விவரம் 2022இல் வெளியானது. 2023இல் நம் நாட்டில் அனுமதி பெற்ற கார்-டி சிகிச்சை சில ரத்தப் புற்றுநோய்களுக்கானது; மூளைக் கட்டிக்கல்ல.

உங்கள் பேத்திக்குப் பொருந்தாவிட்டாலும் நம் பக்கத்தில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. தாய்மாமன், அத்தை மகன் என்று உறவுக்குள் கல்யாணம் செய்த குடும்பத்தில், மரபணுப் பிழையைத் திருத்தும் மரபணு இரண்டு பக்கமும் பழுதாகிப் பிள்ளைக்கு வந்து சேரலாம். பால்காப்பி நிறத் திட்டுகள் தோலில் இருந்து, கூடவே வேகமாக வளரும் கிளையோமாவும் (மூளையின் துணை அணுக்களில் வரும் கட்டி) இருந்தால், அந்தத் திருத்தும் புரதங்கள் இருக்கின்றனவா என்று காட்டும் எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்ற நான்கு ஸ்டெயின்களையும் கேளுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. வழக்கமாகப் பக்கத்தில் உள்ள நல்ல அணுக்களில் நிறம் பிடித்திருக்கிறதா என்று பார்த்துத்தான் ஸ்டெயின் சரியா என்று முடிவு செய்வார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு உடலெங்கும் அந்த மரபணு பழுது என்பதால் நல்ல அணுவிலும் நிறம் பிடிக்காது. ‘ஸ்டெயின் சரியாக வரவில்லை’ என்று தள்ளிவிட வாய்ப்புண்டு. வேறொருவரின் திசுவை அதே ஸ்லைடில் வைத்து ஒப்பிட்டால் உண்மை தெரியும். தெரிவது அவசியம். இந்த வகைக் கட்டிகளில் பிழைகள் மிக அதிகம் என்பதால் டி அணுக்களின் தடையை நீக்கும் நிவோலுமாப் என்ற மருந்து வேலை செய்யலாம். உடன்பிறந்த இரு குழந்தைகளிடம் பலன் கண்டதை 2016இல் எழுதியிருக்கிறார்கள். வழக்கமாகக் கொடுக்கும் டெமோசோலமைடு என்ற புற்றுநோய் மருந்து இவற்றில் பெரும்பாலும் எடுபடுவதில்லை.

உங்கள் பேத்திக்குக் கட்டியை முழுவதும் எடுத்துவிட்டதால் பொதுவாக வேறு சிகிச்சை தேவைப்படாது. குறித்த தேதிகளில் எம்ஆர்ஐ மட்டும் தவறவிடாதீர்கள். பாரஃபின் பிளாக் (எடுத்த கட்டியின் துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுப் பாளம்) எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதன் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிராஃப் பரிசோதனை பின்னால் தேவைப்பட்டால் அதிலிருந்துதான் சீவ வேண்டும். வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ஐஸ் வேண்டாம். சின்ன டப்பாவில் பஞ்சு சுற்றி வைத்தால் போதும். ஆனால் சித்திரை வெயிலில் காரின் டேஷ்போர்டில் விட்டுவிடாதீர்கள். அந்த மெழுகு 60 டிகிரிக்குள் உருகிவிடும்.