பால் பவுடர் டப்பாவோடு ஒட்டி வந்த சிப்பர்

கேள்வி: திருமங்கலம் பக்கம் எங்கள் ஊர். பேரனுக்கு ஒன்றே கால் வயது. 'ஒரு வயது முதல்' என்று போட்ட சத்துப் பால் பவுடரை மதுரையில் ஒரு மருந்துக்கடையில் வாங்கினேன். தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுக்கலாம், இரண்டு டப்பா எடுத்தால் சிப்பர் இலவசம் என்றார்கள். நாள் முழுக்க அதையே குடித்துப் பிள்ளை சோறு தொடவில்லை. ரத்தம் குறைவு என்கிறார் டாக்டர். பிரிக்காத டப்பாவைக்கூடக் கடைக்காரர் திரும்ப வாங்க மறுக்கிறார். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம் ஐயா. ஆனால் எதை வைத்துப் போடுகிறோம் என்பதுதான் முக்கியம். ரத்தச்சோகைக்கு இந்தப் பவுடர்தான் காரணம் என்று நிரூபிக்கக் கிளம்பினால் சிக்கிக்கொள்வீர்கள். பாலிலேயே வயிறு நிறையும் பிள்ளைக்கு இரும்புச்சத்து குறைவது உண்டு. பசும்பாலைக் கொடுத்தாலும் அப்படித்தான். எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் கேட்பார்.

உங்களிடம் இருக்கும் பலமான சாட்சி அந்தச் சிப்பர். தாய்ப்பாலுக்கு மாற்றான பொருட்கள், பால்புட்டிகள், குழந்தை உணவுகள் பற்றி 1992ல் வந்த மத்தியச் சட்டம் ஒன்று இருக்கிறது. 2003ல் அதைத் திருத்தினார்கள். ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு வயது வரை, தாய்ப்பாலுக்குத் துணை என்று சொல்லி விற்கும் எந்த உணவும், என்ன பெயரில் வந்தாலும், அதற்குள் வரும். அதை விளம்பரம் செய்யக் கூடாது, மாதிரி கொடுக்கக் கூடாது, பாத்திரமோ வேறு பொருளோ பரிசாகத் தரக் கூடாது. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். டப்பாவில் 'இரண்டு வயதுக்கு மேல்' என்று இருந்திருந்தால் இந்த வாதம் எடுபடாது. அதனால் வயது அச்சிட்ட பக்கத்தை இன்றே போட்டோ எடுங்கள். சிப்பரை ஒட்டிய செலோ டேப்பைப் பிரிக்காதீர்கள்.

இந்தக் குற்றத்துக்கு நீங்களே நேராகக் கோர்ட்டுக்குப் போக முடியாது. அதிகாரம் பெற்ற அதிகாரியோ, அரசு அறிவித்த குழந்தைநலத் தன்னார்வ அமைப்போ எழுத்தில் புகார் கொடுத்தால்தான் கோர்ட் எடுக்கும். மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு வழி வேறு: மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பில் தராமல் விட்டிருந்தால் அதுவே நியாயமற்ற வணிக நடைமுறை. ஜிபே பதிவை எடுத்து வையுங்கள். 30 நாளுக்குள் திரும்பப் பெறும் விதி குறையுள்ள பொருளுக்குத்தான். அதனால் பிரிக்காத டப்பாவுக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம். பரிசு காட்டி விற்றதையே முதல் குறையாக எழுதுங்கள்.

வழக்கு நடக்கிறபடி நடக்கட்டும், பிள்ளை காத்திருக்க முடியாது. டாக்டர் எழுதிய இரும்புச்சத்து சொட்டுமருந்தை விடாமல் கொடுங்கள். பாலைக் குறைத்துப் பருப்புச் சோறு, முட்டை, கேழ்வரகுக் கூழ் என்று பழக்குங்கள். அங்கன்வாடியில் பேர் பதிந்திருந்தால் சத்துமாவு இலவசமாகவே கிடைக்கும். ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி வையுங்கள், ஆணையத்தில் கேட்பார்கள்.