மின்சாரம் போனால் டிஸ்க்கை மறக்கும் கணினி

கேள்வி (யாங்கோன்): ஐயா, என் பழைய கணினியில் இரண்டு ஹார்ட் டிஸ்க் இருக்கின்றன. புதிய டிஸ்க்கிலிருந்து தொடங்கும்படி பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புப் பக்கங்களில்) மாற்றி வைக்கிறேன். மின்சாரம் போய் வந்தால் மறுபடி பழைய டிஸ்க்குக்கே போகிறது. புதியது பழுதா?

பதில்: டிஸ்க்கின் மேல் குற்றமில்லை. கணினியின் தேதியைப் பாருங்கள். ஏதோ பழைய ஆண்டின் ஜனவரி 1 என்று காட்டினால், மதர்போர்டில் நாணயம் போல் இருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர் 2032 என்று கேட்டு வாங்குங்கள், 3 வோல்ட். கணினிக்கு மின்சாரம் வந்துகொண்டிருக்கும்வரை அந்தப் பேட்டரிக்கு அநேகமாக வேலையே இல்லை. நம் ஊரிலோ மணிக்கணக்கில் மின்சாரம் நிற்கிறது; அத்தனை நேரமும் கடிகாரத்தையும் அமைப்புகளையும் அதுதான் காக்கிறது.

கழற்றுமுன் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பாக, டிஸ்க்கோடு போர்டு எந்த முறையில் பேச வேண்டும் என்று சொல்லும் சாட்டா மோட் என்ற வரி. ஐடிஇ என்ற பழைய முறை ஏஎச்சிஐ என்ற புதிய முறையாக மாறிவிட்டால் விண்டோஸ் எக்ஸ்பி நீலத்திரையில், அதாவது நீல நிறப் பிழைச்செய்தியில், நின்றுவிடும். டிஸ்க் போய்விட்டது என்று பயந்து, எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி நிறுவுகிறவர்கள் உண்டு. ஒரு வரியைத் திருத்தினால் போதுமாயிருந்த இடத்தில் குடும்பப் படங்கள் அத்தனையும் போய்விடுகின்றன. அதை நினைத்தாலே மனம் கனக்கிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஓரத்துக் கம்பிப்பிடியை நகத்தால் தள்ளுங்கள். பேட்டரி தானே எழும்பும். கூட்டல் குறி மேலே தெரிய புதியதை அழுத்துங்கள். பிறகு பூட் வரிசையை, அதாவது எதிலிருந்து முதலில் தொடங்குவது என்ற வரிசையை, மாற்றும்போது கவனியுங்கள்: சில போர்டுகளில் எந்த ஹார்ட் டிஸ்க் முதலில் என்பதற்குத் தனிப் பக்கம் இருக்கும்.

கேள்வி (தட்டோன்): ஒரே ஒருமுறை பென் டிரைவிலிருந்து தொடங்க வரிசையை மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். கணினியைப் போட்டவுடன் பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ பலவற்றில் எஃப் 12. எச்பி என்றால் பெரும்பாலும் எஃப் 9.

கேள்வி (மௌல்மீன்): அப்பாவின் எக்ஸ்பி கணினியில் மதர்போர்டு போய்விட்டது. டிஸ்க்கைக் கழற்றி என் கணினியில் மாட்டினால், 7பி என்று முடியும் எண்ணோடு நீலத்திரை வருகிறது. அப்பா தட்டச்சு செய்த கோயில் அழைப்பிதழ்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

பதில்: நீலத்திரை வந்ததே நல்ல சேதி, டிஸ்க்கைக் கணினி படிக்கிறது. புதிய போர்டின் டிஸ்க் கட்டுப்பாட்டுக்கு உரிய டிரைவர் (அதை இயக்கும் சிறு நிரல்) அப்பாவின் எக்ஸ்பியில் இல்லை, அவ்வளவுதான். அதைத் தொடங்க வைக்கும் முயற்சி பிறகு இருக்கட்டும், முதலில் பிரதி. உங்கள் சொந்த டிஸ்க்கிலிருந்து கணினியைத் தொடங்கி, அப்பாவுடையதை இரண்டாவதாக இணையுங்கள். ஃபார்மேட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டால் சம்மதிக்காதீர்கள்.

அது அகலப் பட்டைக் கேபிள் கொண்ட ஐடிஇ டிஸ்க் என்றால் யுஎஸ்பி அடாப்டர் வேண்டும். பெரிய டிஸ்க்குக்கு யுஎஸ்பி மின்சாரம் போதாது; தனி மின் இணைப்போடு வருவதை வாங்குங்கள்.

அழைப்பிதழ்களோடு விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையையும் எடுத்துவிடுங்கள். அந்நாளில் பலர் யூனிகோட் என்ற இன்றைய பொது எழுத்துமுறையில் அல்லாத எழுத்துருக்களில்தான் தமிழைத் தட்டினார்கள். அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் அழைப்பிதழ் முழுவதும் புரியாத குறிகளாகத் தெரியும். பர்மிய ஆவணங்களிலும் ஜோஜி எழுத்துரு இதே தொல்லையைத் தரும். மியன்மா அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியதே 2019 அக்டோபரில்தான்.

பிரதி எடுத்து, திறந்து பார்த்தபின், சாட்டா மோட்டை ஐடிஇக்கு மாற்றி எக்ஸ்பியை முயன்று பாருங்கள். உங்கள் விண்டோஸுக்குத் திரும்பும்போது அந்த வரியைப் பழையபடி வைக்க மறக்காதீர்கள்.

கேள்வி (பெகு): பென்டியம் 4 கணினி பென் டிரைவைக் கண்டுகொள்வதே இல்லை. லினக்ஸ் போட ஆசை.

பதில்: அந்தக் காலத்து பயாஸ்கள் பலவற்றுக்கு யுஎஸ்பியிலிருந்து தொடங்கத் தெரியாது. பிளாப் பூட் மேனேஜர் என்ற சிறு நிரலை ஒரு சிடியில் எழுதி அதிலிருந்து தொடங்குங்கள். அது பென் டிரைவுக்கு வழி திறந்துவிடும். செயலி 32 பிட் என்றால் டெபியன் என்ற லினக்ஸ் வகையில் 12ஆம் பதிப்பை எடுங்கள். டெபியன் 13இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவி கிடையாது.