பொறியில் விழுவது ஒரு ஈ, பழத்தில் இருப்பது வேறு ஈயா?

கேள்வி: மா, கொய்யாவோடு ஓரமாகக் கொஞ்சம் காப்பியும் வைத்திருக்கிறேன். மெத்தில் யூஜினால் என்ற கவர்பொருள் வைத்த பொறியில் ஈக்கள் கொத்துக்கொத்தாக விழுகின்றன. ஆனாலும் காப்பிப் பழத்தில் புழு குறையவில்லை. கீழைப் பழ ஈ, மத்தியதரைக்கடல் பழ ஈ இரண்டுமே இந்த மூன்று பழங்களையும் தாக்கும் என்று கையேடு சொல்கிறது. நான் எதைக் கட்டுப்படுத்த வேண்டும்? ஒன்றை ஒழித்தால் மற்றது பெருகுமா?

பதில்: கையேடு சொல்வது சரிதான். ஆனால் ஒரு ஈ எந்தெந்தப் பழத்தில் வளர முடியும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. உண்மையில் எந்தப் பழம் அதற்குக் கிடைக்கும் என்பதைப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஈ தீர்மானிக்கிறது.

ஹவாயில் 1910 வாக்கில் மத்தியதரைக்கடல் பழ ஈ நுழைந்து பல பழங்களில் பரவியது. 1940களின் நடுவில் கீழைப் பழ ஈ வந்ததும், தாழ்நிலப் பழங்களில் பெரும்பாலானவை அதன் கைக்குப் போயின. பழைய ஈ குளிர்ந்த மேட்டு நிலங்களிலும் காப்பியிலும் தங்கிவிட்டது. கென்யாவில் 2003இல் கீழைப் பழ ஈ கண்டறியப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அங்கிருந்த செராடிடிஸ் கொசைரா என்ற ஈயை மாம்பழத்திலிருந்து ஒதுக்கிவிட்டது. ஆனால் காட்டு மருலா பழத்தில் கொசைரா இன்னும் வாழ்கிறது. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் வெப்பமும் ஈரப்பதமும்கூட இந்தப் பங்கீட்டில் சேர்ந்துகொள்கின்றன. ஒரே பழம் கடலோரத்தில் ஓர் ஈயிடமும் மலையில் வேறோர் ஈயிடமும் இருக்கும்.

போட்டி இரண்டு இடத்தில் நடக்கிறது. முட்டையிட வரும் பெண் ஈ மற்றதைப் பழத்திலிருந்து விரட்டுகிறது. பழத்துக்குள்ளே, வேகமாக வளரும் புழு சதையைத் தின்று முடித்துவிட, மெதுவாக வளர்வது பட்டினி கிடக்கிறது.

இப்போது உங்கள் பொறிக்கு வருவோம். மெத்தில் யூஜினாலுக்குக் கீழைப் பழ ஈயும் அதன் நெருங்கிய உறவினங்கள் சிலவும்தான் வரும். அவற்றிலும் ஆண் மட்டுமே. மத்தியதரைக்கடல் பழ ஈ அந்தப் பக்கமே திரும்பாது. அதற்கு ட்ரைமெட்லூர் என்ற வேறு கவர்பொருள் வேண்டும். ஆகவே பொறி நிறைவதை வைத்துக் காப்பியில் இருப்பது இன்னதென்று சொல்லவே முடியாது.

புழுவை வளர்த்துப் பார்ப்பதுதான் வழி. புழு விழுந்த பழங்களை, மாவுக்கு ஒன்று, கொய்யாவுக்கு ஒன்று, காப்பிக்கு ஒன்று என்று தனித்தனி டப்பாவில் ஈர மணல்மேல் வையுங்கள். வாயில் துணி கட்டித் தேதி எழுதுங்கள். முற்றிய புழு பழத்தை விட்டு வெளியேறி, உடலை வளைத்துத் துள்ளி மணலுக்குள் போகும். பிறகு சலித்தால் கோதுமை மணி போன்ற பழுப்புக் கூடுகள் கிடைக்கும். பத்துப் பன்னிரண்டு நாளில் ஈ வரும். உடனே கொன்றுவிடாதீர்கள், சர்க்கரையும் தண்ணீரும் வைத்து நான்கைந்து நாள் விட்டால்தான் நிறம் தெளியும். தெளிந்த இறக்கையின் முன்விளிம்பில் கருங்கோடு, வயிற்றில் 'டி' வடிவக் குறி இருந்தால் கீழைப் பழ ஈ. அதைவிடச் சிறியதாய், இறக்கையில் மஞ்சள் பழுப்புப் பட்டைகளும் முதுகில் கருந்திட்டுகளும் இருந்தால் மத்தியதரைக்கடல் பழ ஈ. மெல்லிய குளவி வந்தால் அது ஈயின் புழுவைத் தின்று வளர்ந்த உங்கள் நண்பன், பறக்க விடுங்கள்.

மற்றது பெருகுமா என்று கேட்டீர்கள். மெத்தில் யூஜினாலை மட்டும் நம்பினால் அந்த வாய்ப்பு உண்டு, ஏனெனில் வலுவானது குறையும்போது ஒதுங்கியிருந்ததற்குப் பழம் மிஞ்சும். அதனால் இனம் பார்க்காமல் வேலை செய்யும் இரண்டை முதலில் வையுங்கள். ஒன்று, பெண் ஈயும் தேடி வரும் புரத இரை. இன்னொன்று, விழுந்த பழத்தைப் பொறுக்குவது. இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பொறுக்கியதை இரண்டடி ஆழத்தில் புதையுங்கள், அல்லது கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இறுக்கக் கட்டி வெயிலில் போடுங்கள். காப்பியில் பழுத்ததைச் செடியிலேயே விட்டுவைக்காமல் முழுதாகப் பறித்துவிடுங்கள்.