காகாப்போவும் ஓசனிச்சிட்டும்: பறவைக் கேள்விகள்

எங்கள் வீட்டுச் செம்பருத்திக்குத் தினமும் ஹம்மிங்பேர்ட் வருகிறது என்று பையன் அடித்துச் சொல்கிறான். உண்மையா? (காவேரிப்பட்டணம் வாசகி)

இல்லை அம்மா. ஹம்மிங்பேர்ட், தமிழில் ஓசனிச்சிட்டு, அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இயற்கையில் கிடையாது. உங்கள் வீட்டுக்கு வருவது தேன்சிட்டு. அது பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்துதான் தேன் குடிக்கும். பொழுது சாய்ந்த பிறகு பூவுக்கு முன்னால் அந்தரத்திலேயே நிற்கிறதென்றால் அது பறவையே இல்லை, அந்துப்பூச்சி. சின்ன வயதில் நானும் ஏமாந்தவன்தான்.

காகாப்போ கிளிக்கும் செம்மிடற்று ஓசனிச்சிட்டுக்கும் என்ன வித்தியாசம்? (பாலக்கோடு மாணவர்)

சிட்டின் எடை சுமார் 3 கிராம், நம் ஒரு ரூபாய் நாணயம் அளவு. நொடிக்கு ஏறத்தாழ 50 முறை சிறகடிக்கும். வலசைக் காலத்தில் மெக்சிகோ வளைகுடாவை, சுமார் 800 கிலோமீட்டர், எங்கும் இறங்காமல் கடக்கும். நியூசிலாந்தின் காகாப்போ பறக்கவே பறக்காது. ஆண் 4 கிலோ வரைகூடப் போகும். இரவில்தான் நடமாட்டம்.

அவ்வளவு பெரிய கிளி அருகிப்போய், இத்தனூண்டு சிட்டு எப்படிப் பெருகிக் கிடக்கிறது? (ஊத்தங்கரை வாசகர்)

நல்ல கேள்வி. ஆபத்து வந்தால் காகாப்போ அசையாமல் நின்றுவிடும். பாசிப் பச்சை உடம்பு புதரோடு புதராகிவிடும். கண்ணால் தேடும் கழுகிடம் அது பலித்தது. மனிதர்களோடு வந்திறங்கிய எலி, பூனை, ஸ்டோட் என்ற கீரி போன்ற பிராணி எல்லாம் மோப்பம் பிடித்து வருபவை. காகாப்போவுக்கோ ஊரைக் கூட்டும் தனி வாசனை! அப்புறம் இனப்பெருக்கம். ரிமு என்ற அந்த நாட்டுக் காட்டு மரம் நன்றாகக் காய்க்கும் ஆண்டில்தான் காகாப்போ முட்டையிடும், அப்படிக் காய்ப்பதோ 2 முதல் 4 ஆண்டுக்கு ஒரு முறைதான். சிட்டு ஆண்டுதோறும் இரண்டிரண்டு முட்டையாக, சில சமயம் இரண்டு தடவைகூட இட்டுவிடும். இழப்பை ஈடுகட்ட அதற்கு அவகாசம் உண்டு, கிளிக்கு இல்லை. 1995-இல் மிஞ்சியவை 51. எலி, பூனை இல்லாத தீவுகளுக்குக் கொண்டுபோய், ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, முதுகில் ரேடியோ கருவி மாட்டிக் காத்ததில் 2022-இல் 250-ஐத் தாண்டியது.

மாந்தோப்பில் கிளிகள் கூட்டம் கூட்டமாக இறங்குகின்றன. ஒன்றைப் பிடித்து வளர்க்கலாமா? (போச்சம்பள்ளி விவசாயி)

கூடாது ஐயா. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். காய்க்குத் தாள் உறை கட்டிப் பாருங்கள், கொஞ்சமாவது மிஞ்சும்.