பார்ட்னர்ஷிப்பா, எல்.எல்.பி-யா, கம்பெனியா?

*நானும் நண்பரும் திருச்சியில் கல்யாண போட்டோ, வீடியோ எடுத்துத் தருகிறோம். ஆண்டு வரவு 14 லட்சம். செலவு போக 6 லட்சம் நிற்கிறது. பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்கிறோம். எழுத்தில் எதுவும் இல்லை. எந்த அமைப்பு எங்களுக்குச் சரிப்படும்?*

எழுதாவிட்டாலும் 1932-ம் ஆண்டு பார்ட்னர்ஷிப் சட்டப்படி நீங்கள் ஏற்கெனவே பார்ட்னர்கள்தான். லாபம் சமபங்கு, சம்பளம் கிடையாது, தொழிலுக்காக ஒருவர் வாங்கிய கடனுக்கு மற்றவர் வீடும் பொறுப்பு. முதல் இரண்டும் ஒப்பந்தப் பத்திரம் இல்லாத கூட்டுக்குச் சட்டம் தானாக எழுதிவைக்கும் விதிகள்; கடன் பொறுப்பு பத்திரம் இருந்தாலும் உண்டு.

பிரைவேட் லிமிடெட் இப்போது வேண்டாம். வரவே இல்லாத ஆண்டிலும் ஆடிட் கட்டாயம். எல்.எல்.பி-க்கு (பார்ட்னர்களின் கடன் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம்) வரவு 40 லட்சத்தையோ மூலதனம் 25 லட்சத்தையோ தாண்டினால்தான் ஆடிட். ஆனால் ஆண்டு விவரங்களுக்கான படிவம் 11-ஐ மே 30-க்குள்ளும், கணக்கு விவரங்களுக்கான படிவம் 8-ஐ அக்டோபர் 30-க்குள்ளும் போட வேண்டும். தவறினால் தாமதக் கட்டணம். வைகாசி முகூர்த்த நெரிசலில் மே 30 யாருக்கு ஞாபகம் இருக்கும்?

‘எல்.எல்.பி என்றால் வீடு தப்பும்’ என்பார்கள். பாதிதான் உண்மை. லென்ஸ் வாங்கக் கடன் கேட்டால் வங்கி உங்கள் சொந்த ஜாமீன் கையெழுத்தைத்தான் கேட்கும். மெமரி கார்டு கெட்டு தாலி கட்டும் காட்சியே போய்விட்டால், கவனக்குறைவு யாருடையதோ அவர் சொந்தப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது; இன்னொருவர் தப்பலாம். அதற்கு இரண்டு கார்டில் ஒரே நேரத்தில் பதிவாகும் கேமரா மலிவு.

என் பரிந்துரை, பதிவு செய்த பார்ட்னர்ஷிப். பதிவு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில். கட்டாயமில்லைதான், ஆனால் பதியாத நிறுவனம் ஒப்பந்தப் பாக்கிக்காக வாடிக்கையாளர் மேல் வழக்குப் போட முடியாது. அவர் உங்கள் மேல் போடலாம்!

பத்திரத்தில் பலர் கோட்டை விடுவது பார்ட்னர்களின் சம்பளப் பிரிவை. நிறுவன லாபத்துக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவிகித வரி, அதன்மேல் 4 சதவிகித செஸ். சம்பளத் தொகையோ கணக்கிடும் முறையோ பத்திரத்தில் இருந்தால், முதல் 6 லட்சம் லாபத்தில் 90 சதவிகிதம் வரை சம்பளமாகக் கழிக்கலாம். உங்கள் கணக்கில் 5.4 லட்சம் சம்பளமாகப் போகும். மீதி 60,000-க்கு வரி 18,720 ரூபாய். அந்தப் பிரிவு இல்லாவிட்டால் 1,87,200. பத்திரத் தேதிக்கு முந்தைய மாதங்களுக்கு இது செல்லாது. 2025 ஏப்ரல் முதல் ஒரு பார்ட்னருக்கு ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் தந்தால் 10 சதவிகிதம் டி.டி.எஸ் (பணம் தரும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டும். அதற்கு வரி பிடிப்பவருக்கான ‘டான்’ எண் வாங்குங்கள்.

கேமரா யாருடையது என்பதையும் சீரியல் எண்ணோடு எழுதுங்கள். பிரியும்போது சண்டை அதில்தான் வரும்.

இன்னொன்று: காசு வாங்கிக்கொண்டு ஒருவருக்காக எடுத்த படத்தின் காப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1957-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி எடுக்கச் சொன்னவருக்கே. இன்ஸ்டாகிராமில் போடும் அனுமதியை அட்வான்ஸ் வாங்கும் தாளிலேயே கையெழுத்தாக வாங்குங்கள்.

*நான் ஓவியர், தனி ஆள். படங்களை போஸ்டராக அச்சிட்டு விற்கிறேன். பெயரைக் காப்பாற்ற ஒரு நபர் கம்பெனி தொடங்கலாமா?*

வேண்டாம். கம்பெனிப் பதிவு பிராண்டுக்குக் காவல் இல்லை, அதற்கு டிரேட்மார்க்தான். தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு (சரக்கு அல்லது சேவையின் வகை) 4,500 ரூபாய். தனி உரிமையாளராகவே இருந்து உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பதிவு செய்யுங்கள். அது இலவசம், ஏஜென்ட்டுக்குக் காசு தராதீர்கள். போஸ்டரை பெங்களூருக்கு அனுப்பினால் மட்டும் உஷார். சேவைக்கு இருக்கும் 20 லட்சம் ஜி.எஸ்.டி விலக்கு வரம்பு வெளிமாநிலத்துக்குப் போகும் அச்சிட்ட சரக்குக்குக் கிடையாது. முதல் விற்பனைக்கே ஜி.எஸ்.டி பதிவு வேண்டும்.