மூத்தவள் இருந்த வீட்டில்: கேள்வி பதில்

1994-ல், மனைவியை இழந்த ஒருவருக்கு இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்டேன். அப்போது வீட்டில் ஆறு வயதுப் பெண்ணும் மூன்று வயதுப் பையனும் இருந்தார்கள். பிறகு 18 வருடம் குடும்பநல நீதிமன்றத்தில் ஆலோசகராக வேலை பார்த்தேன். அதனால் இரண்டாந்தார வீடுகளில் இருந்து வந்த இந்தக் கேள்விகளுக்கு நானே பதில் சொல்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். கேட்டவர்களின் பெயர் வேண்டாம், ஊர் மட்டும் போதும்.

திண்டுக்கல், 31 வயது: அக்கா, கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. எங்கள் படுக்கையறையில், கட்டிலுக்கு நேர் எதிரே அவருடைய முதல் மனைவியின் படம் இருக்கிறது. எடுக்கச் சொன்னால் நான் கெட்டவளா?

இல்லை தங்கச்சி. படுக்கையறை உங்கள் இருவருக்கும் உரியது. அங்கே இன்னொருவர் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தால் யாருக்கும் தூக்கம் வராது.

ஆனால் "எடுங்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் காதில் அது "அவளை மறந்துவிடுங்கள்" என்றுதான் விழும். "இந்தப் படத்தை ஹாலில் மாட்டலாமா, வருகிறவர்களும் பார்ப்பார்களே" என்று கேளுங்கள். தவறியவர்கள் படத்தைத் தெற்குச் சுவரில், வடக்கு பார்த்து மாட்டுவது பல வீடுகளில் வழக்கம். அதைச் சொன்னால் மாமியாரும் ஒத்துக்கொள்வார். பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கேட்டுவிட்டு, அவர்கள் படிக்கிற மேசைக்குச் சின்னதாக ஒரு பிரதி போட்டுக் கொடுங்கள். ஒருநாள் பள்ளி விட்டு வரும்போது படத்தைக் காணோம் என்று மட்டும் ஆகிவிடக் கூடாது.

எங்கள் வீட்டில் படம் ஹாலில்தான் இருந்தது, கீழே ஒரு சிவப்பு பல்பு. வெள்ளிக்கிழமை துடைத்துப் பூ வைப்பது என் வேலை. முதல் வருடம் முழுக்க முகத்தைப் பார்க்காமலேயே துடைத்தேன். ஒருநாள் என் மகள் பக்கத்தில் வந்து நின்று, "எங்கம்மாவுக்கு இடது பக்கம் தெத்துப்பல்" என்றாள். அன்றைக்குத்தான் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தேன். எனக்கு அப்போது 27 வயது. படத்தில் இருந்தவளுக்கும் 27தான்.

தஞ்சாவூர்: கோபத்தில் சில நேரம் கணவர் என்னை முதல் மனைவியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுகிறார்.

பத்து வருடம் சொன்ன பெயர் நாக்கில் இருக்கத்தான் செய்யும். அவர் உடனே திருத்திக்கொண்டால் விட்டுவிடுங்கள். உங்களை மட்டம் தட்டுவதற்கென்றே சொல்கிறார் என்றால் அது வேறு விஷயம். கோபம் ஆறிய பிறகு, "அந்தப் பெயரை வைத்து என்னை அடிக்காதீர்கள், அவங்களுக்கும் அது மரியாதை இல்லை" என்று ஒரே ஒரு தடவை, தெளிவாகச் சொல்லுங்கள்.

விருதுநகர் பக்கம், 24 வயது: அக்கா பிரசவத்தில் இறந்துவிட்டாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போனேன். மூன்றாம் மாதமே அத்தானுக்கு என்னைக் கட்டி வைத்துவிட்டார்கள். இன்னும் அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுகிறேன். அழுதால், "அக்காவுக்காகப் பொறுத்துக்கோ" என்கிறார்கள்.

வந்த கேள்விகளில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதுதான் அம்மா.

இறந்தது உங்கள் அக்கா. துக்கம் கேட்க வந்தவர்கள் அத்தானிடம் கேட்டார்கள், அம்மாவிடம் கேட்டார்கள். உங்களிடம் யாராவது கேட்டார்களா? குழந்தையைக் கையில் கொடுத்து, மூன்றாம் மாதம் தாலியையும் ஏற்றிவிட்டார்கள். அழுவதற்கு இடமே வைக்கவில்லை.

இங்கிலாந்தில் 1907 வரை இறந்த மனைவியின் சகோதரியைக் கட்டுவதைச் சட்டமே தடுத்திருந்தது. நம் பக்கம் அதுவே கடமை மாதிரி நடக்கிறது. வேறொருத்தி வந்தால் குழந்தையைக் கொடுமைப்படுத்துவாள் என்ற பயம் ஒன்று, போட்ட நகையும் சீரும் குடும்பத்துக்குள்ளேயே இருக்கும் என்ற கணக்கு ஒன்று. முதல் காரணத்தை ஊரறியச் சொல்வார்கள், இரண்டாவதை அடுக்களையில் பேசுவார்கள். இந்த இரண்டு பேச்சிலும் உங்கள் விருப்பம் வரவே இல்லை.

முதலில், குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருங்கள். அங்கே அக்காவைப் பற்றிப் பேசுங்கள். அவள் உங்களை எப்படி வம்புக்கு இழுப்பாள், எந்தச் சடையைப் பின்னிவிடுவாள், எதற்குச் சண்டை வந்தது, எல்லாவற்றையும். உங்கள் அம்மா அழுவார். அழட்டும்.

இரண்டாவது, உங்கள் கணவரிடம், "எனக்கு நாள் வேண்டும்" என்று சொல்லுங்கள். தனிக்கட்டிலில் படுக்க வேண்டும் என்றால் அதையும் சொல்லுங்கள். என்னிடம் வந்த இப்படிப்பட்ட ஜோடிகளில் பல ஆண்களும் அதைத்தான் எதிர்பார்த்திருந்தார்கள். பெரியவர்கள் என்ன நினைப்பார்களோ என்று வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். அத்தான் என்றே கூப்பிட்டுக்கொள்ளுங்கள். அதில் தப்பே இல்லை.

மூன்றாவதாகச் சட்டம். சம்மதத்தைக் கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தால், 1955-ன் இந்து திருமணச் சட்டம், 12-ஆம் பிரிவின்படி திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். கட்டாயம் நீங்கி ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். கட்டாயம் நீங்கிய பிறகு நீங்களே விரும்பி அவரோடு வாழ்ந்திருந்தால் அந்த வழி அடைந்துவிடும். போய்விடுங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. இருப்பதானாலும், கதவு இருக்கிற வீட்டில் இருக்கிறோம் என்று தெரிந்து இருங்கள். ராத்திரி நேரத்தில் மனசு தாங்கவில்லை என்றால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசுவார்கள்.

திருவண்ணாமலை, ஒரு கணவர்: வருடா வருடம் முதல் மனைவிக்குப் படையல் போடுகிறோம். இவளுக்கு அது பிடிக்கவில்லை என்று தோன்றுகிறது. நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள் தம்பி. உங்கள் பக்கம் சுமங்கலியாகப் போனவளைப் பூவாடைக்காரி என்று கும்பிடுகிற வழக்கம் உண்டு. வீட்டில் கல்யாணம் என்றால் அவளுக்குப் படைத்துவிட்டுத்தான் பந்தக்காலே நடுவார்கள். புதுச் சேலை, மஞ்சள், பூ வைத்துப் படைத்து, பிறகு அந்தச் சேலையை வீட்டுப் பெண் ஒருத்தி கட்டிக்கொள்வாள். பஞ்சாப் பக்கம் பழைய நாளில், முதல் மனைவியின் உருவம் பதித்த தகடு ஒன்றை இரண்டாம் மனைவி கழுத்தில் போட்டுக்கொள்வாள். சௌகன் மோரா என்று அதற்குப் பெயர். போனவளுக்கு ஒரு பங்கு கொடுத்துவிட்டு வாழ்க்கையைத் தொடங்க வேண்டும் என்று எல்லா ஊரிலும் நினைத்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். விடியற்காலை எழுந்து பத்துப் பேருக்குச் சமைக்கிறவள் உங்கள் மனைவி. சமையல் முடிந்ததும் பூஜை உங்கள் தங்கை கையில், பேச்சு உங்கள் அம்மா வாயில். அவள் அடுக்களையிலேயே நிற்கிறாள். என் ஊகம் சரியென்றால் இந்த வருடம் விளக்கை அவள் கையால் ஏற்றச் சொல்லுங்கள். அவள் பிறந்தநாள் என்றைக்கு என்று உங்களுக்குத் தெரியுமா? அந்த நாளுக்கும் அந்த வீட்டில் ஒரு பாயசம் வேண்டும்.

கோயம்புத்தூர், 19 வயது மாணவி: ஒரு விசேஷத்துக்கு சித்தி எங்கம்மா பட்டுச்சேலையைக் கட்டியிருந்தார். அவரிடம் கத்திவிட்டேன். இப்போது குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

மகளே, கத்தியது தப்பு, வலித்தது தப்பில்லை. அனேகமாக அவரும் தானாக எடுத்திருக்க மாட்டார். பீரோவில் சும்மாதானே கிடக்கிறது, கட்டிக்கோ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். மறுத்தால் திமிர் என்பார்கள், கட்டினால் உன் மாதிரி ஒரு பிள்ளை அழும்.

சித்தியிடம் போய், "அம்மா சேலையெல்லாம் நாம ரெண்டு பேரும் உட்கார்ந்து பிரிக்கலாமா" என்று கேள். நீ வைத்துக்கொள்வது, தம்பி தங்கைக்கு வைப்பது, நீயே பார்த்து அவருக்குக் கொடுப்பது என்று. நீ கையால் எடுத்துக் கொடுத்த சேலையை அவர் கட்டினால் உனக்கு வலிக்காது.

நகைக்கு மட்டும் சட்டம் இருக்கிறது. 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த பெண்ணின் சொத்து அவள் பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் சமபங்கு. நீயும் தம்பியும் அப்பாவும் என்றால் மூன்று பங்கு. அப்பா தன் பங்கைத்தான் யாருக்கும் கொடுக்க முடியும். இது சித்தியைக் காப்பாற்றுகிற சட்டமும்கூட. "மூத்தாள் நகையைச் சுருட்டிவிட்டாள்" என்ற பேச்சு வராமல் இருக்க, உங்கள் பங்கை எழுதி லாக்கரில் வைத்துவிடச் சொல்.

சேலம்: கணவரின் எல்லாக் காகிதத்திலும் மனைவி என்று இன்னும் இறந்துபோன முதல் மனைவியின் பெயர்தான் இருக்கிறது. கேட்டால், "நான் என்ன செத்தா போய்விட்டேன்" என்கிறார்.

கேளுங்கள் அம்மா. கூச்சமே வேண்டாம்.

முதல் மனைவி இறந்தபின் முறைப்படி நடந்த உங்கள் திருமணம் முழுத் திருமணம். இரண்டாந்தாரம் என்பதால் உரிமை ஒரு துளியும் குறையாது. ஆனால் அதைக் காட்டக் காகிதம் வேண்டும். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். பதியும்போது முதல் மனைவியின் இறப்புச் சான்றிதழையும் வையுங்கள். அப்புறம் ரேஷன் கார்டு, எல்.ஐ.சி., பி.எஃப்., வங்கிக் கணக்கு, அரசு வேலை என்றால் குடும்ப ஓய்வூதியம், இத்தனையிலும் பெயரை மாற்றச் சொல்லுங்கள். வாரிசுதாரர் இடத்தில் இறந்தவர் பெயரே இருந்து, தாசில்தார் அலுவலகத்துக்கும் வங்கிக்கும் வருடக்கணக்கில் நடந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்துக் குடும்பத்தில் கணவர் உயில் எழுதாமல் போனால், அவர் சம்பாதித்த சொத்தில் மனைவி, பிள்ளைகள், அவருடைய அம்மா எல்லோருக்கும் சமபங்கு. மூத்தாள் பிள்ளை இருவர், உங்கள் பிள்ளை ஒன்று, நீங்கள், மாமியார் என்றால் ஐந்து பங்கு. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சட்டம் வேறு.

பலருக்குத் தெரியாத ஒன்று: 1956-ன் இந்து இளவர் (18 வயது நிரம்பாதவர்) மற்றும் காப்பாளர் சட்டத்தில், இயற்கைக் காப்பாளரான "தாய்" என்ற சொல்லில் மாற்றாந்தாய் சேராது. பத்து வருடம் சோறு ஊட்டியிருந்தாலும் சேராது. பிள்ளைகள் 18 வயதுக்குக் கீழே என்றால், தனக்குப் பின் உங்களைக் காப்பாளராக நியமித்து அவர் உயில் எழுதலாம். அதே சட்டத்தின் 9-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. அவருக்கு ஒன்றாகிவிட்டால் பிள்ளைகளை யார் கையில் கொடுப்பது என்ற சண்டை வராமல் இருக்கும்.

ஈரோடு: மாமியார் நாளுக்கு நான்கு தடவை, "அவள் மகராசி" என்கிறார்.

மாமியாருக்கும் அது போன மருமகள். ஒருநாள், "அவங்க எப்படி அத்தை இருப்பாங்க?" என்று நீங்களே கேட்டு உட்காருங்கள். நானும் கேட்டேன். முதல் நாள் புகழ்ந்தார். இரண்டாம் வாரம், அவர்கள் இருவருக்கும் ஆறு மாதம் பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்த கதை வந்தது.

சென்னை, 33 வயது: முதல் தாரத்துக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், இனிக் குழந்தை வேண்டாம் என்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் இதைச் சொல்லவில்லை.

சொல்லியிருக்க வேண்டும். இது சின்ன விஷயமே இல்லை. "நீ வந்ததே இந்தப் பிள்ளைகளுக்காக" என்று உங்களிடம் யாராவது சொன்னால், அது உங்களை ஆயாவாக நினைக்கிற பேச்சு. அவருக்கு பயம் இருக்கலாம், பணக் கவலை இருக்கலாம், முதல் மனைவி பிரசவத்தில் போயிருந்தால் அந்தக் காட்சியே போதும். எதுவென்று அவர் வாயால் சொல்லட்டும். குடும்பநல ஆலோசகர் ஒருவரை வைத்துக்கொண்டு பேசுங்கள், ஒத்திப்போடாதீர்கள். வயதும் போகிறது.

வரன் பார்க்கிற நிலையில் இதைப் படிக்கிற பெண்களுக்கும் சொல்கிறேன். மாப்பிள்ளையிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள்: குழந்தை வேண்டுமா, அவங்க எப்படி இறந்தாங்க, பிள்ளைகளுக்கு என்ன சொல்லியிருக்கிறீர்கள், அவங்க அம்மா வீட்டோடு போக்குவரத்து உண்டா. அவர் கண் கலங்கினால் பயப்பட வேண்டாம். "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்றால் யோசியுங்கள்.

நாகர்கோவில், 62 வயது: எனக்குப் பிள்ளை இல்லை. மூத்தாள் மகனை மூன்று வயதில் இருந்து வளர்த்தேன். கணவரும் போய்விட்டார். வயதான காலத்தில் எனக்கு யார்? எனக்குக் காரியம் செய்ய அவனுக்கு முறை இருக்கிறதா என்று உறவில் ஒருத்தி கேட்டுவிட்டாள்.

அக்கா, அவள் கேட்டதற்குப் பதில் இருக்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல், "பெற்றோர்" என்றால் மாற்றாந்தாயும் சேர்த்தி என்று தெளிவாக எழுதியிருக்கிறது. தேவைப்பட்டால் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். காரியம் செய்யவும் முறை உண்டு. மகாளய பட்சத்துத் தர்ப்பணத்தில் மாற்றாந்தாய்க்கு என்றே தனியாக எள்ளும் தண்ணீரும் விடுகிறார்கள்.

"தாய் செத்தால் தகப்பன் சித்தப்பன்" என்று ஒரு பழமொழி சொல்வார்கள். சித்தியாக வந்து தாயாக நின்றவளுக்குப் பழமொழி எதுவும் இல்லை.

இத்தனை வருடத்தில் நீங்கள் அவனிடம் இதைக் கேட்டிருக்கவே மாட்டீர்கள். நானும் கேட்காமல்தான் இருந்தேன். போன வருடம் வீட்டுக்கு வெள்ளை அடித்தபோது என் மகன் ஹால் படத்தை இறக்கி, திரும்ப மாட்டும்போது ஆணியை ஒரு முழம் தள்ளி அடித்தான். ஏன்டா என்றேன். "பக்கத்துல இன்னொண்ணுக்கு இடம் வேணாமா? அப்பா படம் இல்ல, உன்னோடது" என்றான். அவனைத் திட்டிவிட்டு உள்ளே போய் வெகுநேரம் அழுதேன்.

உங்கள் மகனைக் கூப்பிட்டுக் கேளுங்கள் அக்கா.